பழைய கார் சூடேறினால்: ஃபேனா, தெர்மோஸ்டாட்டா?

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும்போது, றம்பொடை வளைவுகளில் ஒரு லொறிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் மாட்டிக்கொண்டால் பழைய காரின் சூட்டு முள் மெல்ல மேலே போகும். "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுங்கள்" என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். எஞ்சின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் சிறு வால்வுதான் தெர்மோஸ்டாட். நம் குளிரில் அது இல்லாத எஞ்சின் சரியாகச் சூடாகாது, பெட்ரோலும் கூடக் குடிக்கும்.

முதலில், காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் மட்டம் பாருங்கள். சூடாக இருக்கும்போது ஒருபோதும் திறக்கவேண்டாம், முகம் வெந்துவிடும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். அழுத்தம் நிற்காவிட்டால் உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும்.

அப்புறம் முள்ளைக் கவனியுங்கள். நிற்கும்போது ஏறி, வேகம் எடுத்ததும் இறங்கினால் ஃபேன். எந்த வேகத்திலும் ஏறினால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகியுங்கள். எவ்வளவு ஓடியும் ஏறவே இல்லையா? அது திறந்தபடி சிக்கியிருக்கலாம்.

மின்சார ஃபேன் என்றால் முதலில் பியூஸைப் பாருங்கள், பிறகு ரிலேயை (ஃபேனுக்கு மின்சாரம் விடும் சிறு மின்சுவிட்ச்). இரண்டும் நன்றாக இருந்தால் ஃபேனின் பிளக்கைக் கழற்றி, பற்றரியிலிருந்து நேரே வயர் கொடுங்கள். சுற்றினால் மோட்டார் நல்லது, சூடானதும் ஃபேனை ஓடவிடும், ரேடியேட்டரில் உள்ள சுவிட்சைச் சந்தேகியுங்கள். எஞ்சின் நின்ற பிறகும் ஃபேன் திடீரெனச் சுற்றும், கையைத் தள்ளியே வையுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, நூலில் கட்டி, பானைத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். பானையின் அடியைத் தொடக்கூடாது. பக்கத்தில் ஒரு வெப்பமானி வேண்டும். 82 என்று பொறித்திருந்தால் ஏறக்குறைய 82 பாகையில் திறக்கத் தொடங்கவேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம், அங்கே தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். முழுதாகத் திறக்க 95 பாகை வரை கேட்கும் தெர்மோஸ்டாட் பானையில் அரைகுறையாகத்தான் திறக்கும். அதற்காக நல்ல சாமானைத் தூக்கிப் போடாதீர்கள். நேரத்துக்குத் திறக்கத் தொடங்கி, ஆறியதும் இறுக மூடினால் போதும்.

பூட்டும்போது புது கேஸ்கட் போடுங்கள். சிறு காற்றுத்துளை இருந்தால் அது மேல்பக்கம் இருக்கட்டும். மூடியைத் திறந்தபடியே கூலன்ட் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, குமிழி நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி மூடுங்கள்.