கோதுமையின் கார்பன் தடத்தைக் குறைக்க யூரியாவிலிருந்து தொடங்குங்கள்

பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல்லுக்கு அடுத்துக் கோதுமை விதைக்கும் வயல்களின் கார்பன் தடத்தை, அதாவது சாகுபடியால் வெளியேறும் பசுமைக்குடில் வாயுக்களின் மொத்த அளவைக் குறைக்க விரும்புவோர், டிராக்டரின் புகையைக் கவனிப்பதற்கு முன் யூரியா மூட்டையைக் கவனிக்க வேண்டும். யூரியா ஆலையில் உருவாகும்போதே இயற்கை எரிவாயு ஏராளமாகச் செலவாகிறது. வயலில் இட்ட பிறகோ, மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதன் தழைச்சத்தில் (நைட்ரஜனில்) ஒரு பகுதியை நைட்ரஸ் ஆக்சைடாக மாற்றிவிடுகின்றன. நூறு ஆண்டுக் கணக்கில் இந்த வாயு, கார்பன் டை ஆக்சைடைவிட 273 மடங்கு வெப்பத்தைத் தேக்கிவைக்கும். எக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து இட்டு, கணக்கீடுகளில் வழக்கமாகக் கொள்வதுபோல் அதில் 1 விழுக்காடு இவ்வாறு வெளியேறுவதாக வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 190 லிட்டர் டீசலை எரித்த அளவுக்குப் பாதிப்பு உண்டாகிறது.

ஆகவே மண் பரிசோதனை செய்து, பரிந்துரைத்த அளவை மட்டுமே இட வேண்டும். விதைப்பின்போது அடியுரமாக டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) இட்டிருந்தால் அதிலுள்ள 18 விழுக்காடு தழைச்சத்துக்கு ஈடான யூரியாவைக் கழித்துக்கொள்ள வேண்டும். பலரும் விட்டுவிடும் கணக்கு இதுதான். பயிர் வளரும்போது இடும் மேலுரத்துக்கு முன், இலையின் பச்சை நிறத்தை ஒப்பிட்டுத் தழைச்சத்துத் தேவையை அறிய உதவும் இலை வண்ண அட்டையைப் பயன்படுத்துங்கள். வயலில் ஆங்காங்கே பத்துப் பயிர்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் முழுதாக விரிந்த மேல் இலையைக் கிள்ளாமல், நேர் வெயில் படாதவாறு உங்கள் நிழலிலேயே அட்டையோடு வைத்து ஒப்பிட வேண்டும். இலை போதிய பச்சையாக இருந்தால், பக்கத்து வயல்காரர் போடுகிறார் என்பதற்காக இன்னொரு மூட்டையைப் பிரிக்கத் தேவையில்லை. இடும் யூரியாவை மண்ணின் மேலேயே கிடக்க விடாதீர்கள். அப்பகுதியின் காரத்தன்மை மிகுந்த மண்ணில் அது அம்மோனியாவாகக் காற்றில் கலந்து வீணாகிவிடும்.

அடுத்தது, அறுவடைக்குப் பின் வயலில் எஞ்சி நிற்கும் நெல் தாள். அதை எரிப்பதால் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் வெளியேறுவதோடு, மண்ணுக்குச் சேர வேண்டிய கரிமமும் போய்விடுகிறது. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பணியில் உருவான ஹேப்பி சீடர் கருவி, நிற்கும் தாளை வெட்டி ஒதுக்கி, உழாத மண்ணில் விதையை இறக்கி, வெட்டிய தாளையே மூடாக்காகப் பரப்பிவிடும். இது சரியாக வேலை செய்ய, அறுவடை எந்திரத்தின் பின்புறம் வைக்கோலைச் சீராகச் சிதறடிக்கும் கருவி பொருத்தப்பட்டிருக்க வேண்டும். வைக்கோல் குவியலாகக் கிடந்தால் கருவி அடைத்துக்கொள்ளும், முளைப்பும் திட்டுத் திட்டாக இருக்கும். தாள் மட்கும்போது தொடக்கத்தில் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், முதல் சில பருவங்களில் அடியுரத்தைக் குறைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உழவு மிச்சமாவதால் விதைப்பும் முந்துகிறது. 2022 மார்ச் மாத வெப்பத்தில் மணிகள் சுருங்கி விளைச்சல் குறைந்ததை வடமாநில உழவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்; நவம்பர் முதல் பாதியிலேயே விதைத்த பயிர், அத்தகைய வெப்பம் வருமுன் மணி பிடித்துவிட வாய்ப்பு அதிகம். விளைச்சல் சரிந்தால், ஒவ்வொரு குவிண்டாலின் தலையிலும் ஏறும் கார்பன் கூடிவிடும் என்பதால் இது முக்கியம்.

நீரைப் பொறுத்தவரை, லேசர் கருவியால் நிலத்தைச் சமன்படுத்தினால் மோட்டார் ஓடும் நேரம் குறையும். ஆனால் விதைத்த மூன்று வாரத்தில், புது வேர்கள் இறங்கும் பருவத்தில் தர வேண்டிய பாசனத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் தவிர்க்காதீர்கள்.