ஊர்க் கண்காட்சியிலும் ஒளிப்படச் செயலமர்விலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் நடைபெறும் ஓவிய, ஒளிப்படக் கண்காட்சிகளின் ஏற்பாடு பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்துக்காகவே செய்யப்படுகிறது. மங்கல விளக்கும் பொன்னாடையும் நன்றியுரையும் முடிந்து பிரதம விருந்தினரின் வாகனம் புறப்பட்ட பின்னர்தான், அழைப்பிதழ் எதுவுமின்றி வீதியால் போகிற போக்கில் எட்டிப்பார்க்கும் உண்மையான பார்வையாளர் உள்ளே வருகிறார். அவரை மறந்து திட்டமிடுவதிலிருந்தே கீழ்க்காணும் தவறுகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன.

முதலில் வாட்ஸப். வெளிநாட்டில் இருப்பவர்களிடமிருந்தும் மாணவர்களிடமிருந்தும் படங்களை அதன் வழியே பெற்று அப்படியே அச்சகத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். வழமையான முறையில் அனுப்பப்படும் படத்தின் நீண்ட பக்கம் ஏறத்தாழ 1600 பிக்சல்களாகச் சுருங்கிவிடும். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற தரத்தில் அதை அச்சிட்டால் 13 அல்லது 14 சென்றிமீற்றருக்குமேல் தெளிவாக வராது. ஏ3 தாளுக்கோ 4961 பிக்சல் நீளமும் 3508 பிக்சல் அகலமும் வேண்டும். ஆகவே படத்தை 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தொங்கவிடும் உயரமும் பலருக்குப் பொருட்டாகத் தெரிவதில்லை. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 சென்றிமீற்றர் வரையில் இருந்தால் வளர்ந்தவர்களுக்குப் போதும். ஆரம்பப் பாடசாலை மாணவர்கள் வருவார்களானால் ஒரு வரிசையையேனும் தாழ்த்த வேண்டும். யன்னலுக்கு நேரெதிரே கண்ணாடிச் சட்டகத்தை மாட்டினால் பார்ப்பவருக்குத் தெரிவது அவரது முகமும் குழல்விளக்கும்தான்.

இவற்றையெல்லாம் மறுநாள் காலை திருத்திக்கொள்ளலாம். பழைய குடும்பப் படங்களில் நிகழும் தவறுக்கு அந்த வாய்ப்புக் கிடையாது. போரின்போது 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்கிய பெரும் இடப்பெயர்வில் கையில் அகப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு புறப்பட்ட குடும்பங்களிடம், ஒரு திருமணத்துக்கோ இறந்துபோன ஒரு பிள்ளைக்கோ இன்று ஒரேயொரு படம்தான் எஞ்சியிருக்கக்கூடும். அந்த மூலப்படத்தையே வாங்கி இருபக்கப் பசைநாடாவால் ரெஜிபோம் எனும் வெண்ணுரை அட்டையில் ஒட்டிவிடுகிறார்கள். பகல் வெக்கையில் பசை இளகித் தாளுக்குள் ஊறும். மாலையில் கழற்றும்போது பின்புறத்தில் எழுதப்பட்டிருந்த பெயரும் திகதியும் பசையோடு உரிந்துவிடும். படத்தைப் பெற்ற அன்றே 600 புள்ளித் தரத்தில் ஸ்கேன் செய்து, மூலத்தைப் பற்றுச்சீட்டுடன் உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிரதியைக் காட்சிக்கு வைப்பதே முறை. அதற்கு நேரமில்லை என்று சொல்பவரிடம் அந்தப் படத்தைக் கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து.

படத்தின்கீழ் எழுதும் வரிகளுக்கு வருவோம். 'ஏக்கம்', 'வாழ்வின் விளிம்பு' போன்ற தலைப்புகள் பார்ப்பவருக்கு எதையும் சொல்வதில்லை. எங்கே, எப்போது, யார், என்ன செய்கிறார் என்பவையே வேண்டும். அவையும் முதலில் தமிழில், மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவந்தவரும் வாசிக்கும் அளவில் இருக்க வேண்டும். எழுதியதை, படத்தில் உள்ள தொழில் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்ப்பது இன்னும் முக்கியம். நான் பார்த்த ஒரு கண்காட்சியில், மீனவர் ஊரான பாசையூரிலிருந்து வந்த முதியவர் ஒருவர் ஒரு படத்தின் முன் நெடுநேரம் நின்றுவிட்டு, "தம்பி, கட்டுமரம் எண்டு எழுதிக் கிடக்கு; இது வள்ளமெல்லோ" என்றார். படமெடுத்தவரிடம் பதில் இருக்கவில்லை.

செயலமர்வுகளின் பெருந்தவறு நேரத்தில் இருக்கிறது. காலை முழுவதும் மண்டபத்தில் துவாரம், ஷட்டர், ஐ.எஸ்.ஓ. என்று கமெராவின் வெளிச்ச அளவுகளைப் பற்றி விரிவுரை நடத்திவிட்டுப் பன்னிரண்டு மணிக்குக் கோட்டைக்கு அழைத்துச் செல்கிறார்கள். ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதியிலும் யாழ்ப்பாணத்தின் நண்பகற் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்கும். அந்த வெளிச்சத்தில் முகமெடுத்தால் கண்குழிகள் இருண்டு, மூக்கின் நிழல் உதட்டில் விழும். காலை எட்டு மணிக்கு முன்னரும் மாலை நான்கரைக்குப் பின்னரும் வெளியில் படமெடுத்து, நடுப்பகலில் ஏதாவது ஒரு பழைய வீட்டு விறாந்தையில் மென்மையான பக்க வெளிச்சத்தைப் பழக்கலாம். சட்டகம், ஒளி, காத்திருப்பு ஆகிய மூன்றையும் கைப்பேசியிலும் கற்கலாம் என்பதால், 'கமெரா உள்ளவர்கள் மட்டும்' என்று விளம்பரம் செய்ய வேண்டிய தேவையும் இல்லை. ஒருவர் நாற்பது பேருக்குக் கற்பிப்பது செயலமர்வு அன்று. பதினைந்து பேரைத் தாண்டினால், எடுத்த படங்களை ஒன்றாக இருந்து பார்த்துப் பேசும் நேரம் சான்றிதழ் வழங்கலுக்குப் பலியாகிவிடும்.

நாள் குறிக்கும்போது சனி, ஞாயிறு ரியூசனையும் நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களையும் நினைவில் கொள்ள வேண்டும். அந்நாட்களில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனம் விடப்படாததால் சட்டகங்களைச் சுமந்து நடக்க வேண்டியிருக்கும். ஓவியர் மாற்கு விடுமுறைக் காலத்தில் மாணவரைக் கூட்டி ஓவியம் பழக்கிய ஊரில், பாடசாலை விடுமுறையைத் தெரிவுசெய்வது புதிய யோசனை அன்று.

நல்லூர்க் கோயிலின் உள்ளே படமெடுக்க அனுமதியில்லை. படைமுகாம்களின் பக்கம் கமெராவைத் திருப்பவே கூடாது. அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிடக் கூடாது. இவற்றை முதல் பத்து நிமிடங்களிலேயே சொல்லிவிட வேண்டும். மனிதர்களைப் படமெடுக்கும் விடயத்துக்குத்தான் கூடுதல் நேரம் வேண்டும். குருநகரில் வலை பொத்தும் ஒருவர் "எடுங்கோ" என்று சொல்வது படமெடுப்பதற்கான சம்மதம் மட்டுமே; அதைச் சுவரளவு பெருப்பித்து நகர மத்தியில் தொங்கவிடுவதற்கு மீண்டும் ஒருமுறை போய்க் கேட்க வேண்டும். அப்படிப் போகும்போது, நாலுக்கு ஆறு அங்குலப் பிரதியொன்றை அவருக்கென்று அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள்.