நேரலை ரூலெட்டின் புள்ளிவிபரப் பலகையைப் படிக்கும் முறை

கசினோவுக்குக் கொழும்புக்குப் போகவேண்டியிருந்த காலம் போய், திருகோணமலையில் உட்துறைமுக வீதியோரக் கட்டின்மேல் இருந்தபடியே கைத்தொலைபேசியில், எண்ணிட்ட குழிகளில் ஒன்றில் பந்து விழும் ரூலெட் சக்கரம் சுழல்வதைப் பார்க்கும் காலம் வந்துவிட்டது. திரையின் ஓரத்திலுள்ள புள்ளிவிபரப் பலகையில் அண்மையில் விழுந்த எண்களும், அதிகம் விழுந்த 'சூடான' எண்களும், அரிதாக விழுந்த 'குளிர்ந்த' எண்களும் ஓடிக்கொண்டிருக்கும். அவை பொய்யல்ல, ஆனால் நடந்து முடிந்ததை மட்டுமே சொல்கின்றன.

முதலில், எவ்வளவு ஏற்றத்தாழ்வு இயல்பானது என்று கணக்கிடுங்கள். ஒற்றைப் பூச்சியமுள்ள சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 குழிகள் இருப்பதால், 500 சுற்றுகளில் ஓர் எண் சராசரியாக 13 அல்லது 14 தடவை விழவேண்டும். எனினும் 37 எண்களும் ஒரே அளவில் விழுவதில்லை. ஒன்று 21 தடவையும் இன்னொன்று 6 தடவையும் விழுந்திருந்தால், அது பழுதற்ற சக்கரத்தில் வழமையாகக் காணக்கூடிய பரம்பலே. பலகை அந்த இரு முனைகளையும் பொறுக்கியெடுத்து வண்ணம் தீட்டிக் காட்டுவதால்தான் ஏதோ இரகசியம் இருப்பதாகத் தோன்றுகிறது.

பூச்சியம் தவிர்ந்த எண்களில் பாதி சிவப்பு, பாதி கறுப்பு; அந்த நிறங்களின் தொடரும் அப்படித்தான். ஐந்து ரூபாய் நாணயமொன்றை நூறு முறை சுண்டிக் கொப்பியில் எழுதிப் பார்த்தால், ஒரே பக்கம் ஆறு முறை தொடர்ந்து விழுந்த இடம் பெரும்பாலும் அகப்படும். 1913 ஆகஸ்ட் 18 அன்று மொனாக்கோவின் மொன்டே கார்லோ கசினோவில் கறுப்பு 26 முறை தொடர்ந்து விழுந்தபோது, "இனிச் சிவப்புத்தான்" என்று நம்பிப் பணத்தைக் குவித்தவர்கள் பெருந்தொகையை இழந்தார்கள். பந்துக்கு நினைவில்லை, சிவப்புக்கான வாய்ப்பு ஒவ்வொரு சுற்றிலும் 37 இல் 18 தான். தொடர் நீளும் என்று அதன்மேல் வைப்பதும் இதே பிழையின் மறுபக்கமே.

பார்க்கவேண்டிய எண் பலகையில் இல்லை, விதிகளில் இருக்கிறது. 37 குழிகள் இருக்க, வெல்லும் ஓர் எண்ணுக்கு வைத்த பணத்துடன் 35 மடங்கே தரப்படுவதால், வைக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் சராசரியாக 2 ரூபாய் 70 சதம் நிறுவனத்துக்குப் போகிறது. 0, 00 என இரண்டு பூச்சியங்களுள்ள சக்கரத்தில் அது 5 ரூபாய் 26 சதம். இது வைப்பிலிட்ட தொகைக்கன்று, திரும்பத் திரும்ப வைத்த மொத்தப் பந்தயத்துக்கு உரியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வெல்லும் பணத்தையும் சுழற்றி, நூறு நூறாக 400 சுற்று ஆடினால் பந்தயம் 40,000 ரூபாய் ஆகிறது. அதை 37 ஆல் வகுத்தால் வரும் 1,081 ரூபாயே சராசரி இழப்பு. கையிலிருந்து போட்டது பத்தாயிரமாக இருந்தாலும் கணக்கு இதுதான்.