தொழிலுக்குத் தொழில் கூலியை ஒப்பிடுவது எப்படி?

நெசவு, சிமெண்ட் என்று ஏதாவது ஒரு தொழில்துறையின் சராசரிச் சம்பளத்தை மட்டும் பார்த்து "அங்கே நல்ல கூலி" என்று முடிவு கட்டினால் பெரும்பாலும் ஏமாந்துதான் போவோம். அந்தச் சராசரியில் தொழில் தரும் கூலியும் கலந்திருக்கும், அங்கே எத்தகைய திறனுள்ளவர்கள் அதிகம் என்பதும் கலந்திருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் எல்லாவற்றையும் மணிக்கூலியாக மாற்றுங்கள். வாரம் 48 மணி நேரத்துக்கு 4,800 வாங்குபவரைவிட, 40 மணி நேரத்துக்கு 4,400 வாங்குபவருக்குத்தான் கூலி அதிகம்: மணிக்கு 100, 110. பிடித்தம் செய்வதற்கு முந்தைய தொகையை எடுங்கள். ஓவர்டைம், போனஸைச் சேர்த்தால் இரு பக்கமும் சேர்க்க வேண்டும். செய்து முடித்த எண்ணிக்கைக்குக் கூலி தரும் பீஸ் ரேட் வேலையில், சரக்கு வராமல் சும்மா உட்கார்ந்திருந்த நேரமும் கணக்கில் வரவேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

அடுத்து திறன் அடுக்கு. பதவிப் பெயரை நம்பாதீர்கள். 'டெக்னீஷியன்' என்பவர் ஓரிடத்தில் கருவியைப் பழுது பார்ப்பார், வேறிடத்தில் பெட்டி தூக்குவார். செய்யும் வேலையைப் பார்த்துப் பிரியுங்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் ஐஎஸ்சிஓ-08 என்ற வேலை வகைப்பாட்டில் நான்கு திறன் நிலைகள் உண்டு: சுமை தூக்குவதும் துப்புரவும் முதல் நிலை; ஓட்டுநர், தையலர் இரண்டாவது; ஆய்வகத் தொழில்நுட்பர் மூன்றாவது; பொறியாளர், மருத்துவர் நான்காவது.

இனி கணக்கு. 'அ' தொழிலில் 100 பேர்: திறன் குறைந்த 80 பேருக்கு மணிக்கு 100, தேர்ந்த 20 பேருக்கு 150. சராசரி 110. 'ஆ' தொழிலிலும் 100 பேர்: திறன் குறைந்த 20 பேருக்கு 90, தேர்ந்த 80 பேருக்கு 140. சராசரி 130. 'ஆ'தான் உசத்தி என்று தோன்றும். ஆனால் எந்த அடுக்கில் நின்று பார்த்தாலும் 'அ' 10 கூடுதலாகத் தருகிறது! இரண்டுக்கும் ஒரே விகிதம், பாதிக்குப் பாதி, வைத்துப் பாருங்கள்: 'அ' 125, 'ஆ' 115.

ஒவ்வோர் அடுக்குக்குள்ளும் சராசரியைவிட இடைநிலை அளவே, அதாவது கூலிகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் தொகையே, மேல். ஒன்பது பேருக்கு 100, ஒருவருக்கு 600 என்றால் சராசரி 150 ஆகிவிடும். அந்த 150-ஐ வாங்குபவர் ஒருவர்கூட இல்லை.

இதற்குப் பிறகும் மிஞ்சும் வித்தியாசத்துக்குத்தான் அனுபவம், இரவு ஷிஃப்ட், ஆபத்து, சங்கத்தின் பலம், நிறுவனத்தின் லாபம் என்று காரணம் தேட வேண்டும்.

ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும்போது காண்ட்ராக்ட்டைக் கவனியுங்கள். ஆலையின் துப்புரவுப் பணியாளர்களை ஒப்பந்ததாரரிடம் மாற்றிவிட்டால், அவர்கள் வேறு தொழிற்பிரிவின் கணக்குக்குப் போய்விடுவார்கள். ஒருவருக்கும் ஒரு காசு ஏறாமலே ஆலையின் சராசரி ஏறிவிடும்.