பழைய பட அஞ்சலட்டையின் பதிப்பகத்தையும் காலத்தையும் அறியும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஊர்களில் தோட்டத்து லயத்தை (தொழிலாளர்களின் வரிசை வீட்டை)க் காலி செய்கையில் பாட்டியின் தகரப் பெட்டியிலிருந்து பழைய பட அஞ்சலட்டை ஏதேனும் கிடைத்தால், படத்தில் மயங்கிவிடாமல் முதலில் பின்புறத்தைப் பாருங்கள். அங்கே முகவரிக்கு மட்டுமே இடம் இருந்து, செய்தி படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதப்பட்டிருந்தால், அந்த அட்டை பெரும்பாலும் 1900களின் தொடக்க ஆண்டுகளுக்குள் அச்சானதாக இருக்கும்; பின்புறத்தை நடுக்கோட்டால் பிரித்துச் செய்தியும் எழுதலாம் என்று பிரிட்டன் 1902இலும் ஜெர்மனி 1905இலும்தான் அனுமதித்தன. மலாயா (இன்றைய தீபகற்ப மலேசியா) அட்டைகளில் பல ஜெர்மனியில் அச்சானவை என்பதால் இரண்டு ஆண்டுகளையும் நினைவில் கொள்வது நல்லது.

அடுத்து, பூதக் கண்ணாடியால் படத்தின் வானப் பகுதியைப் பாருங்கள். வரிசையான புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு இயந்திரத்தில் வந்தது. புள்ளியே இல்லாமல் சாயல் வழுவழுப்பாகக் கலந்திருந்தால், நிழற்படத் தாளிலேயே கழுவியெடுத்த அசல் படமாக இருக்கலாம்.

பிறகு பதிப்பாளர் பெயரைத் தேட வேண்டும். மலாயா அட்டைகளில் முக்கியமான பெயர் ஜி. ஆர். லாம்பர்ட் கம்பெனி. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தவரான லாம்பர்ட் 1867இல் சிங்கப்பூரில் தொடங்கிய இந்த நிழற்பட நிலையம், அவருக்குப் பின் அலெக்சாண்டர் கோக் என்பவரின் நிர்வாகத்தில் பெரிதாக வளர்ந்து, சுமத்ராவின் டெலியிலும் கிளை வைத்தது. 1908 வாக்கில் ஏறக்குறைய 3,000 காட்சிகள் அதன் கையிருப்பில் இருந்தன. அஞ்சலட்டைகள் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 250,000 விற்றன. பினாங்கில் ஆகஸ்ட் கவுல்ஃபஸ், மேடானில் கிளெயின்குரோத் ஆகியோர் பெயரும் கண்ணில் படலாம்.

பலர் தவறுவது இங்கேதான். பல ஆண்டுகளுக்கு முன் கண்ணாடித் தகட்டில் எடுத்த காட்சியையே இத்தகைய நிலையங்கள் பின்னர் அட்டையாக அச்சிட்டு விற்றதால், அஞ்சல் முத்திரையின் ஆண்டைப் படம் எடுத்த ஆண்டு என்று எழுதிவிடக் கூடாது. தபால்தலையில் பாயும் புலி இருந்தால், அது பெரும்பாலும், ஆங்கிலேயர் ஆதிக்கத்தில் 1896இல் உருவான கூட்டு மலாய் மாநிலங்களின் தபால்தலை. அதைக் கிழித்தெடுக்காதீர்கள், முத்திரையின் பாதி அதன்மேல்தான் இருக்கும்.

படத்தின் கீழுள்ள குறிப்பையும் அப்படியே நம்ப முடியாது. நம்மவர்களைக் ‘கிளிங்’ என்று (இன்று இழிவாகக் கருதப்படும் சொல்லால்) குறித்த அட்டைகள் உண்டு. அதை மேற்கோள் குறிக்குள் பதிந்து, படத்தில் இருப்பவர் யார், எந்தத் தோட்டம் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தனித்தாளில் எழுதி வையுங்கள். அட்டையின்மேல் பேனா படவே கூடாது. ‘லேமினேட்’ செய்வது அதைவிடக் கெடுதல்.