ஃபுர்மின்ட்: ஹங்கேரியின் வெள்ளை ஒயினும் அதற்கேற்ற சாப்பாடும்

வெள்ளை ஒயின் பழக ஆரம்பிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஹங்கேரியின் ஃபுர்மின்ட்டைத்தான். அதன் உயிரே புளிப்பு. அந்தப் புளிப்பை நாக்கில் அடையாளம் கண்டுகொண்டால், எந்தச் சாப்பாடு சேரும், எது சேராது என்பது தானாகவே பிடிபட்டுவிடும்.

படி 1: சரியான பாட்டிலை வாங்குங்கள்

ஃபுர்மின்ட் என்பது திராட்சையின் பெயர். ஹங்கேரியின் வடகிழக்கில், போட்ரோக் ஆறு திஸா ஆற்றோடு கலக்கும் இடத்தை ஒட்டிய டோக்காய் பகுதிதான் இதற்குப் பேர்போனது. எரிமலை மண் கொண்ட மலைச்சரிவுகள் அங்கே நிறைய. இலையுதிர் காலத்தில் ஆற்றுப் பக்கமிருந்து பனிமூட்டம் எழும்; அந்த ஈரத்தில் ஒருவகைப் பூஞ்சை பழத்தின் தோலைத் துளைக்கும். பழம் கொடியிலேயே வற்றிச் சுருங்கி, இனிப்பு ஏறிவிடும். அந்தப் பழத்தில் செய்வதுதான் அஸூ என்ற புகழ்பெற்ற இனிப்பு ஒயின். டோக்காய் என்றாலே இனிப்பு என்றுதான் உலகம் நினைத்திருந்தது; இனிப்பில்லாத ஃபுர்மின்ட் வெளியே பரவலாகத் தெரியவந்தது 2000-ஐ ஒட்டித்தான்.

ஒரே திராட்சையில் இரண்டும் வருவதால் பாட்டிலின் லேபிளைப் பார்க்காமல் வாங்காதீர்கள். 'சாரஸ்' என்றால் இனிப்பில்லாதது. 'ஃபேல்சாரஸ்' என்றால் லேசான இனிப்பு. 'ஏடெஷ்' என்றால் நல்ல இனிப்பு. சாப்பாட்டோடு குடிக்க சாரஸ் கேளுங்கள்.

படி 2: குளிர வையுங்கள், ஆனால் அளவோடு

ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிரவிட்டு, ஊற்றுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் வெளியே எடுங்கள். 10 டிகிரி வாக்கில் இருந்தால் போதும். அதைவிடச் சில்லென்று இருந்தால் வாசனை எழும்பாது.

படி 3: முதல் வாய் தனியாக

எதையும் சாப்பிடாமல் ஒரு வாய் குடித்து, வாயிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்குங்கள். பச்சை ஆப்பிள், பேரிக்காய், எலுமிச்சை போன்ற வாசனைகள் வரலாம். விழுங்கியதும் நாக்கின் இரண்டு பக்கமும் எச்சில் ஊறும். அதுதான் நான் சொன்ன புளிப்பு.

படி 4: பாப்ரிகாஷோடு குடித்துப் பாருங்கள்

ஹங்கேரிய வீடுகளில் செய்யும் கோழிப் பாப்ரிகாஷ்தான் இதற்கு நல்ல துணை. பன்றிக்கொழுப்பில் வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிப் போட்டு, நிறம் மாறாமல் குழைய வதக்குங்கள். அப்புறம் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டுத்தான் பாப்ரிகா மிளகாய்த்தூளைப் போட வேண்டும். சூட்டில் போட்டால் கருகிக் கசந்துவிடும். உடனே கோழியைப் போட்டுப் புரட்டி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, மறுபடி அடுப்பில் ஏற்றி மெதுவாக வேகவிடுங்கள். கடைசியில் புளித்த கிரீமில் ஒரு கரண்டி மைதாவைக் கரைத்து ஊற்றினால் குழம்பு ஆரஞ்சு நிறத்தில் கெட்டியாகும். நொகெட்லி என்ற குட்டி மாவுருண்டைகளை வெந்நீரில் வேகவைத்துப் பக்கத்தில் வைப்பார்கள்.

ஒரு வாய் சாப்பிட்டதும் கிரீமும் கொழுப்பும் நாக்கில் படிந்து நிற்கும். இப்போது ஃபுர்மின்ட் ஒரு வாய் குடியுங்கள். அந்தப் படிவு கரைந்து நாக்கு சுத்தமாகிவிடும்; தனியாகக் குடித்தபோது உறைத்த புளிப்பும் இப்போது தணிந்திருக்கும். எனக்கு ஃபுர்மின்ட்மேல் இத்தனை பிரியம் வந்ததே இந்த இடத்தில்தான்.

படி 5: மற்றச் சாப்பாடுகள்

இதே கணக்கில், வறுத்த மீன், பன்றி வறுவல், ஆட்டுப்பால் சீஸ் எல்லாம் சேரும். ஹலாஸ்லே என்ற மீன் குழம்பு காரமாக இருந்தால் ஃபேல்சாரஸ் எடுங்கள். காரத்துக்கு லேசான இனிப்பு இதமாக இருக்கும். சாக்லேட் கேக்கோடு சாரஸ் வேண்டாம், ஒயின் வெறும் புளிப்பாகிவிடும்.

இனிப்புப் பண்டத்துக்கு அதைவிட இனிப்பான ஒயின்தான் வேண்டும், அஸூ மாதிரி. ஒரு லிட்டரில் குறைந்தது 120 கிராம் சர்க்கரை இருந்தும் அது திகட்டாமலிருக்கக் காரணம் அதே புளிப்புதான். வாத்து ஈரலோடும் நீல சீஸோடும் அஸூவைச் சின்னக் கிளாஸில் கொஞ்சமாக ஊற்றிக் குடியுங்கள்.

படி 6: சாரஸ் மிஞ்சினால்

கார்க்கைத் திருப்பி அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள். வெயில் நாளாக இருந்தால் ஹங்கேரியர்கள் மாதிரி 100 மில்லி ஒயினில் 100 மில்லி சோடா ஊற்றுங்கள். அதை அங்கே 'கிஷ்ஃப்ரொச்' என்பார்கள்.