சிலியை வடக்கிலிருந்து தெற்கு வரை சுற்றப் போகிறீர்களா?

சிலி சுமார் 4,300 கி.மீ. நீளம். ஒரே சாலையில் கடைசி வரை போய்விடலாம் என்று திட்டம் போடாதீர்கள். புவேர்த்தோ மோன்ட்டில் தொடங்கும் தெற்குச் சாலை வில்லா ஓ'ஹிக்கின்ஸோடு நின்றுவிடும். அதற்கப்பால், தென்கோடியிலுள்ள புந்தா அரேனாஸ் நகருக்குப் போக விமானம், கப்பல், இல்லையென்றால் அர்ஜென்டினா வழியாகச் சாலை. அப்படிப் போனால், பையில் மிச்சமிருக்கும் ஆப்பிளைக்கூட எல்லைக்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள். சிலிக்குள் பழம் கொண்டுபோகத் தடை. சொல்லாமல் வைத்திருந்தால் அபராதம்.

அப்புறம், வடக்கே பாலைவனம்தானே என்று ஸ்வெட்டரைப் பெட்டியின் அடியில் வைக்காதீர்கள். அட்டகாமாவின் எல் தாத்தியோ வெந்நீர் ஊற்றுகள் 4,200 மீட்டருக்கும் மேலே இருக்கின்றன. விடியற்காலையில் அங்கே உறையவைக்கும் குளிர். வந்த அன்றே ஏறாமல், கீழே உள்ள சான் பெத்ரோ ஊரில் இரண்டு நாளாவது தங்கி உயரத்துக்கு உடம்பைப் பழக்கிக்கொள்ளுங்கள்.